கடதாசிப் படம் கண்ணாடியில் ஏறும் கைவேலை

(தோட்ட மாதர் சங்க அங்கத்தவர்களுக்கான கைவேலைப் பயிற்சியின் முதல் நாளில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை மடுவத்தில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு காத்திருக்குது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கடதாசியில் அச்சான படத்தைக் கண்ணாடிப் போத்தலிலும் பீங்கானிலும் ஏற்றுவது எப்படி என்று இன்று பார்க்கப் போகிறோம். செய்முறையைச் சொல்வதற்கு முன்னால், நாங்கள் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேலையை நாங்கள் பழகிய புதிதில், தேத்தண்ணிக் கோப்பைகளில் பூப்படமும் பிள்ளைகளுடைய பெயரும் ஏற்றி, கோயில் திருவிழாவில் விற்றோம். பார்க்க அவ்வளவு அழகு. கொண்டுபோன கோப்பை எல்லாம் அன்றைக்கே விற்றுப் போச்சு. நாலைந்து நாள் கழித்து ஒரு தாய் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சுடுதண்ணி பட்டுப் படம் தோல் மாதிரி உரிந்திருந்தது. உரிந்த துண்டைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டு மென்றிருக்கிறது. நல்ல வேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாய் எங்களை ஏசவில்லை. "இது கழண்டு வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது. வாங்கியவர்களைத் தேடிப் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்தோம். இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் தாயின் ஒரு வார்த்தையிலிருந்து வந்ததுதான்.

அப்படியென்றால் கடையில் வாங்குகிற கோப்பையின் பூ மட்டும் ஏன் கழண்டு வருவதில்லை? இதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். அதில் நம்முடைய தேயிலைக்கும் பங்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தேத்தண்ணி பெரிய வீட்டாருடைய குடிப்பாக இருந்தது. கோப்பையில் படம் வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கையால் தீட்ட வேண்டும். விலையும் அதற்கேற்ற மாதிரி இருந்தது. 1750களில் அங்கே சிலர் படத்தைக் கடதாசியில் அச்சடித்து, அதிலிருந்து பீங்கானுக்கு மாற்றுகிற வழியைக் கண்டார்கள். லிவர்பூல் நகரத்தில் ஜோன் சட்லர், கை கிரீன் என்ற இரண்டு பேர், ஆறு மணித்தியாலத்தில் 1200க்கு மேற்பட்ட ஓடுகளில் படம் ஏற்றியதாக 1756ல் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஸ்டபோட்ஷயர் பகுதியில் நீல நிறப் படங்கள் ஏற்றிய பீங்கான்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. தேத்தண்ணி சாதாரணக் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்த காலத்தில், படம் போட்ட கோப்பையும் அதோடு சேர்ந்தே போனது.

துரை பங்களாவில் வேலை செய்த பெரியம்மாமார் இங்கே இருந்தால் அந்தப் பீங்கானை ஞாபகம் இருக்கும். வெள்ளையில் நீலம், ஒரு பாலம், அதன்மேல் மூன்று பேர், ஒரு வில்லோ மரம், மேலே இரண்டு குருவி. அதுவும் கடதாசியிலிருந்து ஏறிய படம்தான்.

அதை எப்படி ஏற்றினார்கள்? செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கினார்கள். தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த நீலச் சாயத்தை அதில் தேய்த்தார்கள். மெல்லிய கடதாசியைச் சவர்க்காரத் தண்ணியில் நனைத்து அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தார்கள். அந்தக் கடதாசியை அளவாக வெட்டி, ஒரு தரம் சுட்ட பீங்கானில் ஒட்டி, கெட்டியான பிரஷால் நன்றாகத் தேய்த்தார்கள். பிறகு தண்ணியில் கழுவக் கடதாசி போனது, படம் நின்றது. கடைசியாகக் கண்ணாடிப் பூச்சு பூசிச் சூளையில் சுட்டார்கள். அச்சடித்தவர் பெரும்பாலும் ஆண். வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது எல்லாம் பெண்களும் சிறுமிகளும்தான். பாலத்தின் கோடு இன்னொரு கோட்டோடு பிசகாமல் சேர்ந்தது அவர்களுடைய விரல்களால். ஆனால் பீங்கானின் அடியில் முதலாளி பெயர் இருக்கும், அந்தப் பெண்களின் பெயர் இருக்காது. விரல் வேகத்தில் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தக் கதையில் இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது: தண்ணிக்குக் கடதாசி இளகும், எண்ணெய்ச் சாயம் இளகாது. இந்த வேலைக்கு அடிப்படையே இதுதான். இரண்டாவது: படத்தை நிரந்தரமாக்கியது சூளையின் நெருப்பு.

இன்றைக்குப் பீங்கான் தொழிற்சாலைகளில் சாயப்பொடியையும் கண்ணாடிப்பொடியையும் சேர்த்து, பசை பூசிய கடதாசியில் படத்தை அச்சடித்து, மேலே ஒரு மெல்லிய படலம் பூசுகிறார்கள். தண்ணியில் ஊற வைத்தால் பசை கரைந்து படம் வழுக்கி வரும். அதைக் கோப்பையில் ஒட்டி, பூச்சின் மேல் ஏறும் படமானால் ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் சுடுவார்கள். கண்ணாடிக்கு அவ்வளவு சூடு ஆகாது. 600 பாகைக்குக் கிட்ட நிறுத்துவார்கள். அந்தச் சூட்டில் மேல் படலம் எரிந்து போகும், சாயம் உருகிப் பூச்சோடு ஒன்றாகிவிடும். அதனால்தான் அது நகத்துக்கு வராது.

நம்மிடம் சூளை கிடையாது. வீட்டு அடுப்பு அதற்கு ஈடாகாது. கண்ணாடியை அடுப்பில் வைத்தால் வெடித்துக் கண்ணில் பாயும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்து பார்க்காதீர்கள். நாங்கள் பழகப் போவது சுடாத வேலை. சுடாத வேலைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு செய்தால் நல்ல வேலை, மறைத்துச் செய்தால் ஏமாற்று வேலை.

இப்போது செய்முறைக்கு வருவோம்.

தேவையானவை: வெறும் ஜாம் போத்தல் அல்லது கண்ணாடித் தட்டு, போட்டோ கொப்பி எடுத்த படம், கைவினைக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பசை, பிரஷ் ஒன்று, பழைய துணி, வார்னிஷ்.

கொப்பி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போட்டோ கொப்பி மெஷினில் விழுவது பிளாஸ்டிக் கலந்த தூள். சூட்டில் உருகிக் கடதாசியில் ஒட்டும், தண்ணிக்கு அசையாது. இப்போது பல கடைகளில் மைத் தண்ணி ஊற்றுகிற பிரிண்டர் இருக்கிறது. அதில் எடுத்த படம் பெரும்பாலும் நனைந்தால் கலங்கிப் போகும். எது என்று தெரியாவிட்டால் படத்தின் மூலையில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். நிறம் பரவினால் அது இந்த வேலைக்கு உதவாது.

முதலில் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். கை எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. ஸ்பிரிட் தொட்டு ஒரு தரம் துடைப்பது நல்லது. ஸ்பிரிட் நெருப்புப் பிடிக்கும் சாமான். அடுப்படியில் வைத்துச் செய்யக் கூடாது.

அடுத்து, படத்தின் முகத்தில் பசையைச் சமமாகப் பூசி, முகம் கண்ணாடியில் படுகிற மாதிரி ஒட்டுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக் காற்றுக் குமிழியை எடுத்துவிடுங்கள். ஒரு முழு நாள் காய வேண்டும். மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் இரண்டு நாள் விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே வைத்தால் புகை படிந்து படம் மஞ்சளாகும்.

காய்ந்த பிறகு ஈரத் துணியால் கடதாசியை நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் கடதாசி திரித்திரியாக உருண்டு வரும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரப்பட்டு நகத்தால் சுரண்டினால் படமும் சேர்ந்து வரும். ஈரத்தில் எல்லாம் போன மாதிரித் தெரியும். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மறுபடி நனைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று தரம் ஆகும். கடைசியில் மெல்லிய வார்னிஷ் இரண்டு பூச்சு. வார்னிஷ் வேலையை லயக் காம்பராவுக்குள் செய்யாமல் இஸ்தோப்பில் காற்றோட்டமாகச் செய்யுங்கள். கைப்பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாம்.

எழுத்து விஷயம். போத்தலின் வெளிப்பக்கத்தில் இப்படி ஏற்றினால் எழுத்து திரும்பி நிற்கும். அதனால் கொப்பிக் கடையில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடித் தட்டின் அடிப்பக்கத்தில் ஏற்றி மேலேயிருந்து பார்ப்பதானால் திருப்பத் தேவையில்லை. நாங்கள் இதை மறந்து "நல்வரவு" என்று எழுதிய ஆறு போத்தலை வீணாக்கியிருக்கிறோம்.

தண்ணியில் வழுக்கி வருகிற ஒட்டுக் கடதாசியும் இப்போது தனியாக விற்கிறார்கள். அதில் படத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் விலை கூட. பிரிண்டர் வெள்ளை நிறம் அடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளைப் பீங்கானில் நன்றாக எடுக்கிற படம், கறுத்த போத்தலில் காணாமல் போய்விடும்.

இனி, எதில் செய்யலாம், எதில் கூடாது?

பேனை வைக்கும் போத்தல், பூச்சாடி, சுவரில் மாட்டும் தட்டு, சாமிப் படம், குடும்பப் படம் செய்யலாம். கோப்பையின் விளிம்பிலும் உட்புறத்திலும், சோறு கறி படுகிற இடத்திலும் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. சூளையில் சுடுகிற தொழிற்சாலைகளுக்கே விளிம்பிலிருந்து இரண்டு சென்றிமீற்றர் வரை உள்ள இடத்தைத் தனிக் கவனத்தோடு சோதிக்கிற முறை இருக்கிறது. காரணம், சில சாயங்களில் ஈயமும் கட்மியமும் இருக்கலாம். புளியும் தேசிக்காயும் பட்டால் அவை கசிந்து உணவில் சேரும். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டில் பூ தேய்ந்த பழைய பீங்கான் இருந்தால் அதில் ஊறுகாய், அச்சாறு போட்டு வைக்காதீர்கள். அதேபோல, சுடாத படம் ஏற்றிய போத்தலுக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தவும் வேண்டாம்.

விற்கும்போது ஒரு சிறு துண்டு கட்டிக் கொடுங்கள்: "அலங்காரத்துக்கு மட்டும். ஊற வைக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைக்கவும்." இப்படி எழுதினால் ஆள் வாங்காது என்று சிலர் நினைக்கலாம். எங்கள் அனுபவம் வேறு. அந்தத் துண்டைப் பார்த்துத்தான் இரண்டாவது தரம் எங்களிடம் வந்தார்கள்.

கணக்கும் எழுதுங்கள். ஒரு பழைய கொப்பியில் நாலு கோடு போட்டால் போதும்: சாமான் செலவு, பஸ் செலவு, பழுதானது, உங்கள் நேரம். முதல் மூன்றையும் எல்லோரும் எழுதுவார்கள். நாலாவதை எழுத நம்முடைய பெண்களுக்குக் கை வராது. "நம்ம நேரம்தானே" என்று விட்டுவிடுவார்கள். மலையில் எடுத்த கொழுந்தில் அரைக் கிலோ குறைத்துப் போட்டால் கேட்கிறோம் இல்லையா? இரவு விளக்கில் தேய்த்த இரண்டு மணித்தியாலத்தையும் அப்படியே கேட்டு வாங்க வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு வராத விலையில் விற்காதீர்கள்.

இந்த வேலை குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். திருவிழாக் காலத்தில் கொஞ்சம் காசு வரும். பிள்ளையின் பாடசாலைக் கொப்பிக்கு ஆகும். அந்தக் காசு உங்கள் கையில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருப்பது ஒரே ஒரு போட்டோதான். அடையாள அட்டைக்காகப் பிடித்ததாக இருக்கும். அதைக் கண்ணாடியில் ஏற்ற ஆசை வரும், வரத்தான் வேண்டும். ஆனால் அசல் படத்தைப் பசையில் வைக்காதீர்கள். கொப்பி எடுத்துக் கொப்பியில் செய்யுங்கள். கொப்பி பழுதானால் இன்னொன்று எடுக்கலாம், அசல் போனால் அந்த முகம் போச்சு. அடுத்த வகுப்புக்கு வரும்போது அப்படி ஒரு கொப்பியும், கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல் ஒன்றும் கொண்டு வாருங்கள். பசை எங்கள் பொறுப்பு. மலையில் கூடை சுமந்த ஒரு அம்மாவின் முகத்தோடுதான் நம்முடைய முதல் வேலையை ஆரம்பிக்க விரும்புகிறோம். அந்தப் போத்தலின் அடியில் செய்தவருடைய பெயரையும் எழுதி வைப்போம்.