பரிகாரமும் பண்ணுவோம், பரிசோதனையும் பண்ணுவோம்



நான் அங்கன்வாடியில வேலை பார்க்கிறவ. கடனைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்கீங்க. நான் குழந்தைங்களைப் பத்திப் பேசறேன்.

ஐம்புலன்னு படிச்சிருக்கோம். இன்னும் ரெண்டு இருக்கு. உடம்பு சாயுதா நிமிருதான்னு உள்காது சொல்லும். கை கால் எங்கே இருக்குன்னு தசையும் மூட்டும் சொல்லும். எல்லாத்தையும் மூளை சேர்த்துப் பார்த்தாதான் பிள்ளை ஓடும், பட்டன் போடும். அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற தெரபிஸ்ட் 1972-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

சில பிள்ளை மிக்சி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கும். மணல்ல கால் வைக்காது. சோறு விரல்ல ஒட்டினா அழும். இன்னொன்னு விழுந்து அடிபட்டாலும் அழாது. நாம "அடம்"னு சொல்லி அடிச்சிடறோம். அடியால இது சரியாகாது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் சொன்னது: தனியா நடக்கிறது 8 மாசத்திலிருந்து 17½ மாசத்துக்குள்ள எப்பவும் வரலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்னாடியே நடந்துச்சுன்னு பதறாதீங்க. 18 மாசம் ஆகியும் நடக்கலைன்னா தள்ளிப் போடாதீங்க. ஒரு வயசுல பொரியை ரெண்டு விரலால எடுக்குதான்னும் பாருங்க.

பரிசோதனைன்னா பயம் வேண்டாம். முதல்ல கண், காது பார்ப்பாங்க. அப்புறம் தெரபிஸ்ட் ஊஞ்சல், பந்து, மணி கோர்க்கிறதுன்னு விளையாட விட்டுக் கவனிப்பாங்க. தூக்கம், சாப்பாடு, குளியல் எப்படின்னு அம்மாகிட்ட கேட்பாங்க. குழுக் கணக்கு எழுதற மாதிரி ஒரு வாரம் நோட்டுல எழுதிட்டுப் போங்க.

மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் 2013-ல் வந்தது. 18 வயசு வரைக்கும் இலவசம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் 2 தடவை வரணும். அன்னைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்க.

நம்மது சனீஸ்வரன் ஊர். பிள்ளை பேசலை, நடக்கலைன்னு எங்கெங்கிருந்தோ தூக்கிட்டு வந்து நளதீர்த்தத்துல முழுகறாங்க. கும்பிடுங்க, நானும் கும்பிடறவதான். ஆனா ஏழரை முடியட்டும்னு உட்கார்ந்தா பிள்ளையோட வயசு நிக்காது. மூளை வேகமா வளர்றது முதல் சில வருஷம்தான். பயிற்சியும் அப்போதான் நல்லாப் பிடிக்கும். பெத்தவளோட ராசியைக் குறை சொல்றதையும் விடுவோம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். தெரபிக்கு வாராவாரம் காரைக்கால் போறவளுக்குக் கூலி போகும், பஸ் காசு ஆகும். கூட்டத்துக்கு வரலைன்னு அபராதம் போடாதீங்க. உள்கடன்ல அவளுக்கு முதல்ல குடுங்க.