முதியோர் இல்லமும் நீரிழிவுக் கருவிகளும்



சலரோகம் என்று நம் முன்னோர் வழங்கிய நீரிழிவு, இன்று இலங்கையின் வளர்ந்தோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவரைப் பற்றியுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாடு இதற்கு விலக்கன்று. பிள்ளைகள் கடல்கடந்து சென்றமையாலும் துணையின்மையாலும் முதியோர் பலர், கைதடி அரச முதியோர் இல்லத்திலும் குடாநாட்டின் பிற இல்லங்களிலும் வாழ்கின்றனர். அவர்களுக்குப் புதிய கருவிகள் எவ்வாறு துணைபுரியும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1921ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைக் கண்டறிந்தனர். அந்நாளிற் குருதிச் சர்க்கரையை அளக்க ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் குளுக்கோமீற்றர், விரல்நுனியின் ஒரு துளிக் குருதியைக்கொண்டு சில விநாடிகளில் அளவைக் கூறிவிடுகின்றது. குருதியிலுள்ள குளுக்கோசு, பட்டியில் பூசப்பெற்ற நொதியத்துடன் தாக்கமுற்றுச் சிறியதொரு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும். கருவி அதனையே அளக்கின்றது.

முதியோர் இல்லத்தில் இக்கருவியின் முதற்பணி யாது? சர்க்கரை மிகுதலைக் காட்டுவது என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் அங்கே விரைந்து உயிருக்கு ஊறு விளைக்க வல்லது சர்க்கரைக் குறைவேயாம். இன்சுலின் ஏற்றியபின் ஒருவர் சோறு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார். மற்றொருவர் கந்தசட்டி விரதம் பிடித்துக்கொண்டு வழமையான மாத்திரையையும் விழுங்கிவிடுகிறார். இளையோருக்கு அப்போது வியர்க்கும், கைகால் நடுங்கும். முதியவருக்கோ சில வேளைகளில் தடுமாற்றமும் உறக்கமுமே தோன்றும். "வயது போனால் இப்படித்தான்" என்று அயலவர் இருந்துவிடுவர். அவ்வேளை ஒரு துளிக் குருதி உண்மையை உரைத்துவிடும். அளவு 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால், விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தின்பின் மீண்டும் அளத்தல் வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 2018ஆம் ஆண்டிலே வட மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட 1990 அம்புலன்ஸ் சேவையை உடனே அழைத்தல் வேண்டும்.

இக்காரணம் பற்றியே, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி அளவு, திடகாத்திரமானவர்க்கு 7 சதவீதத்திற்குள் இருத்தல் நன்றென்று கூறும் வைத்தியர்கள், நலிந்த முதியோருக்கு 8 சதவீதத்தை அண்டியிருப்பினும் போதும் என்கின்றனர்.

இனி, நம்மூருக்கே உரிய இடர் ஒன்றுண்டு. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் அன்போடு கருவி அனுப்புகின்றனர். ஆங்குள்ள கருவிகள் மில்லிமோல் கணக்கிற் காட்டுவன. நம் வைத்தியசாலைகளில் வழங்குவது மில்லிகிராம் கணக்கு. கருவி 12 என்று காட்டினால், அது நம் கணக்கில் 216 ஆகும். பதினெட்டால் பெருக்கவேண்டும் என்பதை அறியாதார் அதனை மிகக் குறைவென மயங்கிச் சீனித்தண்ணீர் பருக்கவுங் கூடும். அன்றியும், ஒரு கருவியின் பட்டி பிறிதொன்றுக்குப் பொருந்தாது. பட்டி தீர்ந்தால் கருவி வெறும் விளையாட்டுப் பொருளே. ஆகவே அனுப்ப விரும்புவோர், இல்லத்தவரைக் கேட்டு, இங்கு பட்டி கிடைக்கும் கருவி ஒன்றையே எல்லோர்க்கும் பொதுவாக வழங்குதல் சாலச் சிறந்தது.

தோலில் ஒட்டிக்கொண்டு இராப்பகலாய் அளக்கும் உணரிகளும் வந்துள்ளன. சர்க்கரை தாழும்போது அவை கைத்தொலைபேசியில் ஒலியெழுப்பும். விலை மிகுதியாதலின் எல்லார்க்கும் இயலாது. அடிக்கடி சர்க்கரை தாழ்பவருக்கேனும் கிடைக்குமாயின் பெரும்பயன் உண்டு.

எனினும், இவையனைத்திற்கும் மேலான கருவி ஒரு கொப்பியேயாகும். இல்லத்திலே காலையில் அளப்பவர் ஒருவர், ஊசி ஏற்றுபவர் வேறொருவர், இரவிற் காவலிருப்பவர் மூன்றாமவர். உண்டது, அளந்தது, ஏற்றியது ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் எழுதப்பெறின், ஒருவர் அறிந்தது மற்றவருக்கும் எட்டும். அப்பக்கத்தைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வைத்தியருக்கு அனுப்பினால், நடக்கமாட்டாத மூதாட்டி பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போகும் பயணங்கள் சில குறையும். எரிபொருள் அரிதாயிருந்த 2022ஆம் ஆண்டை நினைப்போர் இதன் அருமையை உணர்வர்.

அதே ஆண்டில் ஒரு நாளிலே பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதும் உண்டு. இன்சுலினோ 2 முதல் 8 பாகை செல்சியசுக் குளிரில் இருத்தற்குரியது; பாவனைக்கு எடுத்த குப்பியும் வெக்கையிற் கெடும். ஈரமணலிட்ட மண்பானை குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடன்றாயினும், ஆவியாகும் நீரினாலே வெக்கையைத் தணித்து அவசரத்துக்கு உதவும். பழைய அறிவையும் புதிய கருவியையும் பகையாக எண்ணவேண்டியதில்லை.

முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தற்கென 2000ஆம் ஆண்டிலே நம் நாட்டிற் சட்டம் இயற்றப்பெற்றது. ஆயினும் நள்ளிரவில் முதியவர் ஒருவர் பிதற்றும்போது, எழுந்து விளக்கேற்றி அவர் விரலைப் பற்றுதற்கு ஒரு கை வேண்டும். கருவி எண்ணைக் கூறும். செய்யவேண்டியதைச் செய்வது அந்தக் கையேயாகும். அத்தகைய கைகளுக்குப் பயிற்சியும் போதிய ஊதியமும் இராக்காலத் துணையும் அளித்தல், கருவி வாங்குவதிலும் முந்திய கடனாகும்.