சீனத்து அத்தை கதையும் நம்ம ஊர்க் கதையும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முழுக்க சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று கணக்கு பேசியே களைத்துப் போனோம். இன்றைக்கு ஒரு கதையைப் பற்றிப் பேசப் போகிறோம். கதைதானே என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். கடைசியில் உங்களிடம் ஒரு தீர்மானம் கேட்கப் போகிறோம்.

மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு, கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் சில குழுக்களில், கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் கதை சொல்வது என்று ஆரம்பித்தோம். முதலில் எடுத்துக்கொண்டது சீன எழுத்தாளர் மோ யான் 2009இல் எழுதிய 'தவளை' என்ற நாவல். 2012இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். நாங்கள் ஆங்கிலத்தில் படித்து, நம்ம பேச்சில் சொன்னோம்.

கதை இதுதான். ஒரு கிராமத்தில் ஒரு அத்தை. படித்த மருத்துவச்சி. பழைய முறைப் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சாகிற காலத்தில், சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பத்திரமாக எடுக்கிறார். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. பிறகு சட்டம் வருகிறது. பிள்ளை பெறுவதற்கு அரசாங்கம் அளவு போடுகிறது. அதே அத்தைதான் இப்போது கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்துக் கருவைக் கலைக்கிற வேலைக்குத் தலைமை தாங்குகிறார். கதை சொல்கிறவன் அவருடைய அண்ணன் மகன். அவன் மனைவிக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மறுபடி உண்டாகி, அம்மா வீட்டில் போய் ஒளிந்துகொள்கிறாள். அவளை வெளியே வரவைக்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? அக்கம்பக்கத்து வீடுகளை இடிப்போம் என்று மிரட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே அவளுக்கு எதிராகத் திரும்புகிறார்கள். அவள் வெளியே வருகிறாள். கருக்கலைப்பின்போது இறந்தும் போகிறாள். வயதான காலத்தில் அந்த அத்தைக்கு நிம்மதி இல்லை. தன் கையால் பிறக்காமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மண் பொம்மை செய்யச் சொல்லி வரிசையாக வைத்துக் கும்பிடுகிறார்.

கேட்டவர்கள் சொன்னது

முதல் நாள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "நல்லவேளை, நம்ம நாட்டுல அப்படி இல்ல." சரி என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம் பேச்சு மாறியது. சொன்னவர்களிடம் கேட்டுக்கொண்டு, பேரும் ஊரும் சொல்லாமல் இங்கே சொல்கிறோம்.

ஒரு பெரியம்மா சொன்னார்கள்: "அந்த அத்தை மேல எனக்குக் கோவம் வரல தங்கச்சி. நான் பால்வாடியில வேலை பாத்தவ. நர்சம்மாவுக்கு வருஷத்துக்கு இத்தனை கேசுன்னு டார்கெட்டு. நானும் வீடு வீடாப் போயி பொண்ணுங்கள ஆட்டோவுல ஏத்தி அனுப்பியிருக்கேன். யாராவது பயந்து அழுதா, 'சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான்'னு சொல்லுவேன். பொம்மை செஞ்சு வச்சாங்கன்னு சொன்னீங்களே, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல."

அவர் சொல்கிற டார்கெட் உண்மையில் இருந்த ஒன்றுதான். உலகத்திலேயே முதன்முதலாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக 1952இல் தொடங்கியது நம் நாடு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில், 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. அதில் பெரும்பாலோர் ஆண்கள். பல இடங்களில் கட்டாயமாகவே நடந்தது. அந்தக் கோபம் தேர்தலில் வெடித்தது. அதற்குப் பிறகு ஆண்கள் பக்கம் போகவே எல்லோரும் பயந்தார்கள். பாரம் முழுக்க நம் தலையில் இறங்கியது. டார்கெட் முறையை மத்திய அரசு 1996இல்தான் கைவிட்டது.

இன்னொரு சகோதரி, முப்பது வயதுகூட ஆகாதவர், சொன்னது: "ரெண்டாவது பிள்ளை சிசேரியன். 'கையோட அதையும் பண்ணிடலாமா'ன்னு கேட்டாங்க. என்னைக் கேக்கல, எங்க மாமியாரைக் கேட்டாங்க. நான் உள்ள படுத்திருக்கேன். வெளிய வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்." அது எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். "நம்ம நாட்டுல அப்படி இல்ல" என்று முதல் நாள் சத்தமாகச் சொன்னவரும் இவர்தான்.

மூன்று பெண் குழந்தைகள் உள்ள ஒரு சகோதரிக்கு நடந்தது நேர் எதிர். "நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு கெஞ்சினேன். ஆம்பளப் பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு நாலாவதுக்கு விட்டாங்க." 'கருத்தம்மா' படம் 1994இல் வந்தபோது தியேட்டரில் அழாதவர்கள் யார்? ராஜம் கிருஷ்ணன் பெண் சிசுக்கொலையை வைத்து 'மண்ணகத்துப் பூந்துளிகள்' என்று ஒரு நாவலே எழுதினார். சீனத்தில் சட்டம் சொன்னதை இங்கே வீடு சொல்கிறது. அங்கேயும் மகன்தான் வேண்டும் என்ற ஆசையால் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்து போனது.

எல்லோரும் ஆபரேஷனைத் திட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு அக்கா எழுந்து நின்றே சொன்னார்கள்: "எங்கம்மா ஏழு பெத்து, எட்டாவதுல செத்துப்போனா. நான் ரெண்டோட நானே போயி பண்ணிக்கிட்டேன். எனக்கு அது விடுதலை. அதைக் கொடுமைன்னு யாரும் எங்கிட்ட சொல்லாதீங்க." கைதட்டினோம். தட்ட வேண்டிய பேச்சுதான்.

கடைசியாக ஒரு மீனவச் சகோதரி. கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்து வந்தவர், அங்கே நின்று சொன்னார். ஆபரேஷன் பண்ணி நான்கு வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. இரண்டு பிள்ளைகளும் போனார்கள். நம் கிளிஞ்சல்மேட்டிலும், காரைக்கால்மேட்டிலும், பட்டினச்சேரியிலும் அந்த நாளை யாரும் மறக்க முடியாது. பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பிள்ளைகளை இழந்த தாய்மார்கள், கட்டிய குழாயைத் திரும்பச் சேர்க்கும் ஆபரேஷனுக்குப் போனார்கள். தமிழ்நாட்டு அரசு அதை இலவசமாகச் செய்து தர முன்வந்தது. சிலருக்குப் பிள்ளை பிறந்தது. சிலருக்கு இல்லை. இவருக்கு இல்லை. "எங்க கடல் எப்படிப்பட்டதுன்னு ஆஸ்பத்திரில யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனா என்னை யாரும் கேக்கல" என்றார்.

சீனத்திலும் இதுவே நடந்தது. 2008 மே மாதம் சிச்சுவான் மாகாணத்தில் பெரிய பூகம்பம். பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்தன. இருந்த ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்களுக்கு, இன்னொரு பிள்ளை பெறலாம் என்று அரசாங்கம் அனுமதிச் சீட்டு கொடுத்தது. பெற்ற வயிற்றுக்கு அனுமதிச் சீட்டு! அதற்குள் வயது தாண்டிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

எண்ணிக்கை மாறுகிறது

1980இல் ஒரு பிள்ளை போதும் என்று ஆரம்பித்த சீனம், கிராமத்தில் மூத்தது பெண்ணானால் இன்னொன்று பெறலாம் என்று பல மாகாணங்களில் தளர்த்தியது. 2016இல் இரண்டு என்றது. 2021இல் மூன்று என்றது. இப்போது பெற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறது, பெண்கள் மாட்டேன் என்கிறார்கள்.

நம் பக்கமும் அதுவே நடக்கிறது. நாம் இருவர் நமக்கு இருவர் என்று சுவர் சுவராக எழுதினார்கள். ஆந்திராவில் இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று 1994இல் சட்டம் போட்டு, 2024இல் எடுத்துவிட்டார்கள். அதே 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சரும் தமிழ்நாட்டு முதலமைச்சரும் அதிகம் பிள்ளை பெறுவதைப் பற்றி மேடையில் பேசினார்கள். ஒரு காலம் குறை என்கிறார்கள், ஒரு காலம் கூட்டு என்கிறார்கள். எண்ணிக்கை மாறுகிறது, கேட்காமல் விடப்படுகிற ஆள் மட்டும் மாறவில்லை. நாங்கள் சொல்ல வந்தது இது ஒன்றுதான் சகோதரிகளே. ஆபரேஷன் நல்லதா கெட்டதா என்பதல்ல பேச்சு. யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்பதுதான்.

கையெழுத்துக்கு முன்னால்

குழுவில் படித்துக் காட்ட, தெரிந்திருக்க வேண்டியவை:

1. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. கையெழுத்து உங்களுடையது. கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டப்படி தேவையில்லை.

3. ஆபரேஷன் மேசைக்குப் போன பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காக வேறு எந்தச் சிகிச்சையையும் மறுக்கக் கூடாது.

4. இதை நிரந்தரம் என்று நினைத்தே முடிவெடுங்கள். திரும்பச் சேர்த்தாலும் பிள்ளை பிறக்கும் என்று உறுதி இல்லை.

5. காப்பர்-டி, மாத்திரை, ஊசி, ஆணுறை என்று வேறு வழிகளும் உண்டு. ஆண்களுக்கான ஆபரேஷன் நம்முடையதைவிடச் சின்னது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் திருமணமான 100 பெண்களில் 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. ஏன் என்று வீட்டில் கேளுங்கள்.

6. ஆபரேஷன் தோற்றாலோ உயிருக்கு ஆபத்தானாலோ அரசு இழப்பீடு உண்டு. காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள், தாமதிக்காமல் கேளுங்கள். சத்தீஸ்கரில் 2014 நவம்பரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அவசர அவசரமாகச் செய்து, பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு 2016இல் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இப்படிப்பட்ட முகாம்களை நிறுத்தச் சொன்னது.

நாங்கள் கேட்கும் தீர்மானம்

இனி எங்கள் தவறைச் சொல்ல வேண்டும். குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் உறுப்பினர் படிவத்தில் 'கு.க. செய்தவரா?' என்று ஒரு கட்டம் போட்டிருந்தோம். சிறு குடும்பம் சீரான வாழ்வு என்று பயிற்சி கொடுத்தோம். அதைப் பிடித்துக்கொண்டு சில குழுக்கள், இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ளவருக்குக் கடன் கடைசியில்தான் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வைத்தன. நாங்கள் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை. போன ஆடியில், நான்கு பிள்ளைக்காரி என்பதற்காக ஒரு சகோதரிக்கு மாட்டுக் கடன் தள்ளிப் போனது. அவரைப் போய்ப் பார்த்தோம். "அந்தக் கதையில பக்கத்து வீட்டை இடிப்பேன்னு மிரட்டினாங்களே, அதுமாதிரிதான் இது மேடம். உங்க யாருக்கும் இது தெரியலயா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே கேட்கிறோம். எந்தக் குழுவில் அப்படி ஒரு வரி இருந்தாலும் அடுத்த கூட்டத்திலேயே அடித்து, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். படிவத்தில் அந்தக் கட்டத்தை நாங்கள் எடுத்துவிடுகிறோம். கடனுக்குப் பார்க்க வேண்டியது சேமிப்பு, வருகை, திருப்பிக் கட்டும் ஒழுங்கு ஆகியவைதான். பிள்ளை எத்தனை என்பது அந்தப் பெண்ணின் சொந்த விஷயம்.

அடுத்த மாதம் ஒரு தமிழ்க் கதை. கேட்டுவிட்டுப் பேச மறக்காதீர்கள்.