பால் கறக்கும் பெட்டரி பம்ப்: மடிக்குக் கேடில்லாமல் ஓட்டுவது எப்படி?

(மாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன்னே எழுந்து, மாட்டைக் கறந்து, பாலைக் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பகல் முழுக்கக் கொழுந்து எடுத்த அதே விரல்தான் பின்னேரமும் காம்பைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு வலி என்று சொல்லாதவர் குறைவு. அதனால்தான் "பெட்டரியிலே ஓடுற பால் கறக்கும் பம்ப் வாங்கலாமா?" என்ற கேள்வி லயத்துக்கு லயம் வருகிறது.

நல்ல கேள்விதான். அம்பேவலைப் பண்ணையில் மாடுகளை இயந்திரத்தால்தான் கறக்கிறார்கள். கரண்டை மட்டும் நம்ப முடியாது என்பதையும் பார்த்துவிட்டோம். 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் வரும்வரை மாடு காத்திருக்காது. ஆகவே பெட்டரி பம்ப் உதவியான சாமான்தான். ஆனால் தெரியாமல் ஓட்டினால் பம்புக்கு ஒன்றும் ஆகாது, மாட்டின் மடிதான் கெட்டுப்போகும்.

முதலில் அது எப்படி வேலை செய்யுது என்று பார்ப்போம். பம்ப் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்கிறது. உள்ளே காற்று குறைந்தால் காம்பிலிருந்து பால் இறங்கும். இந்தக் காற்றுக் குறைவைத்தான் வெக்குவம் என்கிறார்கள். கன்றுக்குட்டியும் வாயால் இதைத்தான் செய்யுது. ஆனால் கன்று விடாமல் இழுக்காது. இழுக்கும், விடும், விழுங்கும், திரும்ப இழுக்கும்.

இந்த "விடுவது" என்ற விடயத்தைக் கண்டுபிடிக்க மனிதனுக்குச் சில வருடம் பிடித்தது. 1889இல் ஸ்கொட்லாந்தில் மெர்ச்லாண்ட் என்பவர் செய்த இயந்திரம் விடாமல் இழுத்தது. அப்படி இழுத்தால் பாலோடு இரத்தமும் காம்பு நுனிக்கு இறங்கி, காம்பு வீங்கி, மாட்டுக்கு நோவு எடுக்கும். 1895இல் கிளாஸ்கோ நகரத்து ஷீல்ஸ் என்பவர் விட்டு விட்டு இழுக்கும் பாகத்தைச் சேர்த்தார். அதற்குப் பெயர் பல்சேட்டர். இன்றைக்கும் அது நிமிடத்துக்குச் சுமார் 60 தடவை "டிக், டிக்" என்று அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் நேரத்தில் 60 பங்கு இழுப்பு, 40 பங்கு ஓய்வு. ஓய்வு நேரத்தில் கிண்ணத்துக்குள் இருக்கும் றப்பர் மடங்கிக் காம்பைப் பிடித்துவிடும். பல்சேட்டர் இல்லாத மலிவுச் சாமானை யாராவது கொண்டுவந்து காட்டினால் வாங்க வேண்டாம்.

அடுத்தது, எவ்வளவு இழுக்க வேண்டும்? கனடாவில் மேப்பிள் என்றொரு மரம் இருக்கிறது. நம்ம பக்கம் கித்துள் பாளையைச் சீவிப் பாணி காய்ச்சுவது போல, அங்கே மரத்தில் துளை போட்டு நீர் எடுத்துக் காய்ச்சுகிறார்கள். சுமார் 40 லீட்டர் நீர் வற்றினால் ஒரு லீட்டர் பாணி. அங்கேயும் வெக்குவம் பம்ப் பூட்டுகிறார்கள், பெட்டரியில் ஓடும் சின்ன பம்பும் உண்டு. வெக்குவம் கூடக்கூட நீர் கூடுவதால் பெரிய அளவில் செய்கிறவர்கள் மானியில் 25 அங்குலத்துக்கு மேலும் ஏற்றுகிறார்கள். மரம் அதைத் தாங்கும், மாட்டுக் காம்பு தாங்காது. மாட்டுக்கு 12 முதல் 15 அங்குலம் போதும். சில மானியில் இது 40 முதல் 50 கிலோ பஸ்கால் என்று இருக்கும். "கெதியா முடியட்டும்" என்று அதற்கு மேலே திருகினால் காம்பு நுனி தடித்து வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறும். அதுதான் மடிவீக்கம். மடியில் ஒரு பக்கம் செத்துப்போனால் பெரும்பாலும் அது திரும்ப வராது.

நம்ம மலைநாட்டுக்கென்று ஒரு விடயம் இருக்கிறது. கடலோரத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஹட்டனில் அது சுமார் 650, நுவரெலியாவில் சுமார் 600தான். உயரம் கூடக்கூடக் காற்று மெலிசாகிறது. ஆகவே கொழும்பில் சரியாக இழுத்த பம்ப் நுவரெலியாவில் அதே அளவுக்கு ஏறத் திணறும். கடையில் ஓட்டிக் காட்டியதை நம்பி வாங்காதீர்கள். உங்கள் கொட்டிலில், கிண்ணம் நாலும் பூட்டி, மானியைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். தேவையை விடக் கொஞ்சம் பெரிய பம்பாக இருப்பது நல்லது.

இனி பெட்டரி. 12 வோல்ட் பெட்டரியில் 240 வொட் மோட்டர் ஓடினால் 20 அம்பியர் இழுக்கும். இரண்டு மாட்டுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் ஒரு வேளைக்குச் சுமார் 7 அம்பியர் மணி, இரண்டு வேளைக்கு 14. ஈய பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் சாகும். ஆகவே 50 அம்பியர் மணி பெட்டரி இதற்குப் போதும். ஆனால் ஒவ்வொரு நாளும் சார்ஜ் பண்ண வேண்டும். வாகனத்துக்குப் போடும் பெட்டரியை விட, சூரிய வெளிச்சப் பலகைக்குப் போடும் பெட்டரி இந்த வேலையைத் தாங்கும். குளிர் நாளில் பெட்டரியின் பலம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டரி இறங்கினால் மோட்டர் மெதுவாகும், மானி முள் ஆடும், கிண்ணம் வழுக்கும். அப்போது காற்று உள்ளே பாய்ந்து பாலைத் திருப்பிக் காம்பு நுனியிலேயே அடிக்கும். ஒரு காம்பின் கிருமி மற்றக் காம்புக்குப் போவது இப்படியும்தான். முள் ஆடினால் நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கையால் கறவுங்கள். வயர் மொத்தமாகவும் கட்டையாகவும் இருக்கட்டும்.

தாய்மாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். சார்ஜ் பண்ணும்போது ஈய பெட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். லயக் காம்பிராவில், அடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளைகள் படுக்கும் இடத்தில் சார்ஜ் பண்ணவே கூடாது. மழை படாத, காற்றோட்டமான வெளித் திண்ணையில் வையுங்கள்.

கறக்கும் முறை சுருக்கமாக இதுதான். காம்பைக் கழுவித் துடையுங்கள். முதல் பாலைக் கறுப்புத் தட்டில் பீச்சிப் பாருங்கள். கட்டி, தண்ணி, இரத்தம் தெரிந்தால் அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, பாலைத் தனியே வைத்து, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தடவின ஒரு நிமிடத்தில் மாடு பாலை விடும். உடனே கிண்ணத்தைப் பூட்டுங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் அது அடங்கிவிடும். பால் நின்ற பிறகும் பம்பை ஓட விடுவதுதான் பெரிய கேடு. முதலில் வெக்குவத்தை அடைத்து, பிறகு கிண்ணத்தைக் கழற்றுங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம். அடித்தாலோ சத்தம் போட்டாலோ மாடு பாலை அடக்கும்.

கழுவும்போது முதலில் இளஞ்சூட்டுத் தண்ணி. எடுத்த எடுப்பில் கொதிதண்ணி ஊற்றினால் பால் றப்பரில் காய்ந்து ஒட்டும். பிறகு சுடுதண்ணியும் கழுவும் மருந்தும், கடைசியாக நல்ல தண்ணி. கவிழ்த்துத் தொங்கவிட்டுக் காய வையுங்கள். கிண்ணத்து றப்பரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கடைசியாக, யார் வாங்கலாம்? ஒரு மாடு வைத்திருக்கிறவர்களுக்குக் கையே போதும். அந்தக் காசில் புல்லும் தீனும் வாங்கினால் பால் கூடும். மூன்று நாலு மாடு உள்ளவர்களும், பக்கத்துப் பக்கத்து வீட்டில் சேர்ந்து வாங்க நினைக்கிறவர்களும் யோசிக்கலாம். சேர்ந்து வாங்கினால் ஒரு கொட்டிலிலிருந்து அடுத்த கொட்டிலுக்குப் போகுமுன் கிண்ணத்தைக் கழுவுவது யார், சார்ஜ் பண்ணுவது யார், றப்பருக்குக் காசு எப்படிச் சேர்ப்பது என்று முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வீட்டு மாட்டின் நோய் எல்லா வீட்டுக்கும் வந்து, கடைசியில் சண்டையும் வரும்.

பம்ப் ஓடும்போது ஒரு கை மாட்டின் மேல் இருக்கட்டும், ஒரு கண் மானியில் இருக்கட்டும். மாடு காலைத் தூக்கி உதைத்தால் அதற்கு எங்கோ நோகிறது என்று அர்த்தம். அதட்டாமல் முதலில் பம்பை நிறுத்துங்கள்.