பனிப்புயலும் பட்டிக்காரரின் நட்டஈடும்

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தென் டக்கோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி பரந்த புல்வெளி நாடு. அங்குள்ள மீட் கவுண்டி, மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. பரப்பிலே அம்மாநிலத்தின் மற்றெல்லாக் கவுண்டிகளிலும் பெரியது. மனிதர் தொகை சிறிது. மாடுகளின் தொகை பெரிது. கோடையில் தொலைப் புற்றரைகளில் மேயும் மாடுகளைக் கடுங்குளிருக்கு முன் காப்பான நிலங்களுக்கு ஓட்டி வருவதும், அவ்வாண்டுக் கன்றுகளை இலையுதிர் காலத்தில் விற்பதும் பட்டிக்காரரின் வழமை. பெரும்பாலாருக்கு ஆண்டு வருமானம் அந்த ஒரு விற்பனையிலேயே தங்கியுள்ளது.

2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி முதல் 5ஆந் திகதி வரை வீசிய பனிப்புயல் இவ்வழமைக்கு இடந்தரவில்லை. முதலில் மழை பெய்து மாடுகளை நனைத்தது. பின்னர் பனி கொட்டிற்று. சில இடங்களில் நான்கு அடிக்கு மேல். மாடுகளுக்குக் குளிர்கால உரோமம் இன்னும் வளர்ந்திருக்கவில்லை. காற்று தள்ளிய திசையிலே நடந்த பட்டிகள் வேலிகளை மூடிய பனியின் மேலாகக் கடந்து, ஓடைகளிலும் பள்ளங்களிலும் வீழ்ந்தன. பல்லாயிரம் மாடுகள் மாண்டன.

உயிர் தப்பியவற்றைக் குறிசுட்ட அடையாளங்கொண்டு பிரித்தெடுத்த பட்டிக்காரர், இறந்தவற்றை எண்ணத் தொடங்கினர். உதவி கேட்கச் செல்லவேண்டிய மத்திய அரசின் விவசாயக் காரியாலயங்களோ பூட்டிக் கிடந்தன. வரவுசெலவுப் பிணக்கினால் அரசாங்கப் பணிகள் அம்மாதம் முதலாந் திகதியே நிறுத்தப்பட்டிருந்தன. திறந்திருந்தாலும் பயன் இராது என்பதே கேட்போரை வியக்கவைக்கும் செய்தி. கால்நடை இழப்புக்கு நட்டஈடு வழங்கும் திட்டம் 2011 செப்டெம்பர் 30ஆந் திகதியுடன் காலாவதியாகியிருந்தது. புதிய பண்ணைச் சட்டம் காங்கிரசிலே இழுபட்டுக் கொண்டிருந்தது.

இறந்த உடல்களோ சட்டத்துக்காகக் காத்திருப்பவை அல்ல. அவற்றை விரைவில் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். ஆயினும் சான்றில்லாமற் புதைத்தால், பின்னர் திட்டம் வந்தாலும் பணம் வராது. ஆகவே, இல்லாத திட்டமொன்றுக்காகப் பட்டிக்காரர் படம் பிடித்தனர். காதிற் பூட்டிய தகடுகளின் இலக்கங்களை எழுதினர். அயலாரையும் மிருக வைத்தியரையும் சாட்சியாக்கினர். துக்கத்தின் நடுவே கணக்கெழுதுவது எளிதன்று.

2014 பெப்ரவரி 7ஆந் திகதி சனாதிபதி ஒபாமா புதிய சட்டத்திற் கையொப்பமிட்டார். 2011 ஒக்டோபர் முதலான இழப்புகளையும் அது பின்னோக்கித் தழுவியது. விண்ணப்பங்கள் ஏப்பிரல் 15ஆந் திகதி முதல் ஏற்கப்பட்டன. புயலடித்து ஆறு மாதங்களின் பின்! கொடை சந்தை விலையில் நூற்றுக்கு 75 வீதம். எஞ்சிய காற்பங்கு உடையவன் தலையில். முன்னெச்சரிக்கையைக் கைவிடாதிருக்க அப்பங்கு வேண்டுமென்பர். ஒக்டோபர் தொடக்கத்தில் வந்த புயலுக்கு அந்நியாயம் முழுதும் பொருந்தாது. சினைப்பசு இறந்தால் பசுவுக்கே விலை. வயிற்றிலிருந்த கன்று கணக்கில் இல்லை. பிறவாக் கன்றுக்கும் நட்டஈடு வழங்கும் ஏற்பாடு 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலேதான் இடம்பெற்றது.

இதற்கிடையில், விண்ணப்பப் படிவம் வருமுன்னரே, மொன்டானா முதலிய அயல் மாநிலங்களின் பட்டிக்காரர் தத்தம் பட்டியிலிருந்து கிடாரிகளை அன்பளிப்பாக லொறிகளில் அனுப்பினர். அவற்றுட் பல சினையாயிருந்தன.