சம்சய கல்லோலம்: மராட்டியரின் நகைச்சுவை இசை நாடகம்



சென்ற மாதம் நம் பகுதியைச் சேர்ந்த மராட்டிய நாடகக் குழுவினர் ‘சங்கீத சம்சய கல்லோல்’ என்னும் நாடகத்தை நடித்தனர். சங்கத்தார் சிலர் குடும்பத்துடன் சென்று கண்டோம். சரக்கு இரசீதும் பயணச்சீட்டுக் கணக்குமன்றி வேறு எழுதியறியாத நம்மை, அதுபற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார்.

தெருவில் மயங்கிய ரேவதியைப் பால்குனராவ் தாங்கிப் பிடிக்கிறார். அதைக் கண்ட மனைவி கிருத்திகா ஐயுறுகிறாள். ரேவதி தவறவிட்ட காதலன் படம் கிருத்திகா கையில் கிடைக்க, அவள் அதை நோக்கி நிற்பதைக் கண்டு கணவர் ஐயுறுகிறார். பிறகு காதலரையும் அந்நோய் பற்றிக்கொள்கிறது. காதலன் பெயர் அசுவின்சேட். பால்குனம், ஆசுவினம் என மாதங்கள். கிருத்திகை, ரேவதி என விண்மீன்கள். ஆசிரியர் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டே பெயர் சூட்டினார் போலும்!

கதையின் வேர் பிரான்சு நாட்டில் உள்ளது. மோலியர் 1660இல் எழுதிய நாடகம், ஆர்தர் மர்பியின் ஆங்கில நாடகத்தின் வழியே கோவிந்த பல்லாள தேவலை அடைந்தது. அவர் 1893இல் உரைநடையில் அமைத்தார். பின்னர்ப் பாடல்களைச் சேர்த்தார். 1916இல் கந்தர்வ நாடக மண்டலி அதை மேடையேற்றிற்று. ரேவதியாக நடித்தவர் பால கந்தர்வர் என்னும் ஆடவர். தேவல் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

அன்று பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் “ஒன்ஸ் மோர்” என்று அவையோர் குரல் எழுப்ப, ஒரே பாட்டு மும்முறை ஒலித்தது. சினந்து நின்ற பால்குனராவ் கைகளை எங்கே வைப்பதென்று அறியாது விழித்தார். அவர் சினமும் ஆறிப்போயிற்று. இசை விருந்துதான், எனினும் ஐயத்தை விரைந்து ஓட்டிச் செல்வது தேவலின் உரையாடலே என்பது நம் துணிபு.

அவ்வுரையாடலில்தான் நமக்கு இடர் நேர்ந்தது. இருபது ஆண்டுகளாகக் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மராட்டியம் பேசுகிறோம். ஆயினும் அரங்கம் சிரித்து ஓய்ந்த பின்னரே நாம் சிரித்தோம். நம் பிள்ளைகளோ அரங்கத்தோடு சிரித்தனர். “என்ன சொன்னான்?” என்று அவர்களை வினவினோம். விடை பாதித் தமிழில் வந்தது. மீதிக்கு அவர்களிடம் சொல் இல்லை. அச்சிரிப்பைச் சொல்லத் தமிழ் நம்மிடம் உண்டு. சிரிப்பு அவர்களிடம் உண்டு. ஒரே வீட்டில் இவ்விரண்டும் தனித்தனியே வளர்வது நமக்கு உறக்கம் தரவில்லை.

தஞ்சையில் மராட்டிய மன்னர் சாகஜி காலத்தில் மராட்டிய மொழியில் நாடகம் எழுதப்பட்டதுண்டு. மராட்டிய மண்ணில் வாழும் நாம் அவர்தம் நாடகம் ஒன்றைத் தமிழாக்குதல் தகாத செயலன்று. முதல் அங்கத்தை மட்டும் அடுத்த ஆண்டு விழாவில் நடிக்கலாம் என்பது நம் விண்ணப்பம். பாடல்களைச் சங்கீதம் அறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உரையாடலுக்கு, வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்க நூலகத்தில் கூடுவோம். புத்தகம் வாங்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள். அவர்கள் படித்துப் பொருள் சொன்னாலன்றி நாம் ஒரு வரியும் எழுத இயலாது.