மருத்துவச் செலவு: யார் தருவது, எவ்வாறு தருவது?

(எலெக்ட்ரானிக் சிட்டியில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே பலரும் முன்கூட்டியே சிறுகச் சிறுகச் செலுத்தி, நோயுற்றவருக்கு அந்நிதியிலிருந்து உதவுவதே மருத்துவக் காப்பீட்டின் அடிப்படை. இதன் பல்வேறு வடிவங்களை நாம் கூடியுள்ள இந்த வட்டாரத்திலேயே காணலாம்.

இங்குள்ள மென்பொருள் நிறுவனங்கள் தம் பொறியாளர்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்துத் தருகின்றன. அதே வளாகங்களில் பணிபுரியும் காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. திட்டத்தைச் சார்ந்துள்ளனர். வாயிலுக்கு வெளியே தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஏழைக் குடும்பத்தினருக்கு, 2018-ம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்க வழியுண்டு.

இவற்றுள் மூத்தது இ.எஸ்.ஐ. திட்டம். 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இத்திட்டத்தில், 2019 ஜூலை முதல் முதலாளி ஊதியத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்தும் முறை வந்தது. புறநோயாளி சிகிச்சை, மருந்து, குடும்பத்தினருக்கான மருத்துவம், நோய்க்கால ஊதிய உதவி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஆனால் இதற்கு ஊதிய வரம்பு உண்டு. 2017-ல் அவ்வரம்பு மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரம்பைத் தாண்டும் காவலர் சில மாதங்களில் திட்டத்தைவிட்டு வெளியேற நேரிடுகிறது. அவருடைய ஒப்பந்ததாரர் வேறு காப்பீடு எடுத்துத் தராவிடில், ஊதிய உயர்வே அவருக்கு இழப்பாகிவிடும். இவ்வாறு எத்திட்டத்திலும் சேராது இடையில் நிற்போர் மக்கள் தொகையில் சுமார் 30 சதவீதம் என்று நிதி ஆயோக் 2021-ல் மதிப்பிட்டது.

விருப்பச் சந்தா முறை இந்த இடைவெளியை நிரப்புமா? அருகிலுள்ள பொம்மசந்திரத்தில் மருத்துவமனை நிறுவிய டாக்டர் தேவி ஷெட்டியின் முயற்சியால் உருவான யஷஸ்வினி திட்டம் 2003-ல் கர்நாடகக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக நடைமுறைக்கு வந்தது. மாதம் 5 ரூபாய்ச் சந்தாவில், முதலாண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர். அறுவைச் சிகிச்சைகளுக்கு முன்னரே கட்டணம் நிர்ணயிக்கப்பட்டதால் செலவு கட்டுக்குள் இருந்தது. எனினும் 2005-ல் ஆண்டுச் சந்தா 60 ரூபாயிலிருந்து 120 ரூபாயாக உயர்ந்தபோது உறுப்பினர் தொகை குறைந்தது. நலமாக உள்ளவர்கள் விலகிக்கொண்டால், நோயுற்றோரின் சுமையை எஞ்சியோரே தாங்க வேண்டியுள்ளது. விருப்பத்தை மட்டும் நம்பும் முறையின் குறைபாடு இதுவே.

இனி, செலவு எங்கு நேர்கிறது என்பதைப் பார்ப்போம். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கைப்பணத்திலிருந்து தருவது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22-ல் இது 39.4 சதவீதமாகக் குறைந்தது. இம்முன்னேற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும் இத்தொகையில் பெரும்பங்கு மருந்துக்கும் புறநோயாளி சிகிச்சைக்குமே செல்கிறது. நீரிழிவு நோயாளி மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு, மருத்துவமனையில் தங்கினால் மட்டுமே உதவும் காப்பீடு பயன்படாது.

இங்கு இரு அனுபவங்கள் கருதத்தக்கவை. தமிழ்நாடு 1994-ல் மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கி வருகிறது. தாய்லாந்து 2002-ல் அனைவருக்குமான திட்டத்தை வரிப்பணத்தில் தொடங்கி, புறநோயாளி சிகிச்சைக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிதி வழங்கியது. சிகிச்சைக்குச் சிகிச்சை கட்டணம் தரும் முறையில், தேவையற்ற சோதனைகள் பெருக இடமுண்டு. தலைக்கணக்கு முறையில், நோய் வராமல் காப்பதே மருத்துவ நிலையத்திற்கும் ஆதாயம். ஆனால் அதில் சிகிச்சையைக் குறைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே கண்காணிப்பு இன்றியமையாதது.

எனவே, மூன்று நடவடிக்கைகள் தேவையென்பது என் கருத்து. ஊதிய வரம்பைத் தாண்டுவோர் தொடர்ந்து பங்குத்தொகை செலுத்தி இ.எஸ்.ஐ.யில் நீடிக்க வழி செய்தல். புறநோயாளி சிகிச்சையையும் மருந்தையும் காப்பில் சேர்த்தல். தொடக்கநிலை மருத்துவத்திற்குத் தலைக்கணக்கில் நிதி வழங்கல். அட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு திட்டத்தின் வெற்றியை அளந்துவிட இயலாது. ஒரு குடும்பம் மருந்துக்கடையில் தரும் பணம் குறைந்ததா என்பதே சரியான அளவுகோல். மாணவர்களின் ஆய்வும் அலுவலர்களின் அறிக்கையும் இதை அளந்து காட்டுமாக.